முடிவுக் கயிறு

தலைவர் பொன்னுதுரை அவர்களே! கணவரை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாக்கியலட்சுமி அம்மையாரே! காஜா பெராங்கிலிருந்தும் தெங்கேராவிலிருந்தும் வந்து இந்தக் கோவில் மண்டபத்தில் கூடியிருக்கும் பெரியோர்களே! குறிப்பெடுக்க ஜப்பான் ராணுவ நிர்வாகம் அனுப்பிக் கதவோரம் நிற்கும் அன்பரே, உங்களுக்கும் வணக்கம். நடந்ததை மட்டுமே சொல்லப் போகிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

நம் அம்மன் கோவில் சித்திரை ஓட்டப் பந்தயச் செயலாளர் தெய்வநாயகம் பிள்ளை அவர்கள் மறைந்துவிட்டார். அவர் பொறுமைசாலி என்றார்கள், முன்னால் பேசியவர்கள். யார், அவரா? தண்ணீர்ப் பானை இடம் மாறியிருந்தால் தெருவே கேட்கக் கத்துவாரே! மலாய் பேசி வளர்ந்த மலாக்கா செட்டி வீட்டுப் பிள்ளை. பாதி மலாயில்தான் திட்டுவார். அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன், துணைச் செயலாளனாகிய நான்.

வெயில் ஏறுமுன் தெங்கேரா வரை ஓடித் திரும்புவதுதான் நம் வழக்கம். இவ்வாண்டு ராணுவ நிர்வாகம் உத்தரவு போட்டது. உச்சி வேளையில் ஓட வேண்டும். அதைவிடத் தொலைவான செங் வரை போய்த் திரும்ப வேண்டும். வென்றவருக்கு ஒரு மூட்டை அரிசி. மரவள்ளிக்கிழங்கு தின்று எலும்பும் தோலுமாக இருந்தவர்களெல்லாம் பெயர் கொடுத்தார்கள். கொடுக்காமல் இருப்பார்களா?

பந்தய முடிவில் நாம் கம்பம் நடுவதில்லை. வேப்பிலை கோத்த கயிற்றை இருவர் பிடிப்பது அம்மன் பந்தயத்தின் முறை. ஒரு முனை அவர் கையில், மறுமுனை என் கையில். தார் உருகும் சாலையில், தொலைவில் ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவர் விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். முன்னால் வந்த அப்பாசாமி சாலையின் இரு பக்கமும் தள்ளாடினார். நில் என்றால் எவர் நிற்பார்? அரிசியாயிற்றே! பந்தயம் முடிந்தால்தான் நிற்பார்கள்.

தெய்வநாயகம் பிள்ளை கயிற்றோடு அவர்களை நோக்கி ஓடினார்! மறுமுனையை விடாத குற்றத்துக்காக நானும் இழுபட்டு ஓடினேன். கூட்டம் சிரித்தது. "ஹாபிஸ்! ஹாபிஸ்! முடிஞ்சது, உட்காருங்க!" என்று கத்திக்கொண்டே போனார். கயிறு மார்பில் பட்டதும் அப்பாசாமி சரிந்தார்.

நன்றி சொன்னாரா? இல்லை. "ஏன் ஐயா முடிச்சீங்க? இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா வீட்ல பிள்ளைங்களுக்குச் சோறாச்சே!" என்று அழுதார்.

"சோறு இருக்கும், நீ இருக்க மாட்டே. அப்புறம் பிள்ளைங்களுக்கு யார் மக்கான் ஊட்டுறது?" என்றார் செயலாளர்.

பந்தயம் செல்லாதென்று அரிசி மூட்டை வந்த லாரியிலேயே திரும்பிப் போயிற்று. அதிகாரி அவரைக் கன்னத்தில் அறைந்து, அந்தி வரை அதே சாலையில் நிறுத்திவைத்தார். பிறகு காய்ச்சல் கண்டது, படுத்தவர் எழவில்லை. மலேரியா என்கிறார் வைத்தியர். நான் வைத்தியன் அல்ல.

அடுத்த மாதம் மீண்டும் பந்தயம் நடத்த உத்தரவு வந்திருக்கிறது. நடத்துவோம். செயலாளர் பொறுப்பை நான் ஏற்கிறேன். முடிவுக் கயிறு என் கையில் இருக்கும். அன்பரே, இதையும் எழுதிக்கொண்டீர்களா? நல்லது.

இப்போது மௌன அஞ்சலிக்காக அனைவரும் எழுந்து நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தூணைப் பிடித்து எழ முயல வேண்டாம், அப்பாசாமி. நீங்கள் உட்காருங்கள். உங்களை உட்கார வைக்கத்தான் அவர் அவ்வளவு தூரம் ஓடி வந்தார்.