காக்காவும் நானும்

…அதைத்தாங்க தம்பி நானும் கேக்குறேன், காக்காவும் நானும் ஒண்ணா? நல்லா பாத்துச் சொல்லுங்க! ரெண்டு பேருக்கும் ஒரே பேரு வச்சிருக்கா எம் பேத்தி. அவளுக்கு 'க' வராது. கதவுன்னா 'ததவு', காலுன்னா 'தாலு', காக்கான்னா… ஆங், அதேதான். தாத்தா! அதுக்குத்தான் உள்ள அந்த டீச்சரம்மா பேச்சுப் பயிற்சி குடுக்குறாங்க. கூட எம் மருமக இருக்கா. என்னை மட்டும் வெளிய உக்காரச் சொல்லிட்டாங்க. நான் அதிகமாப் பேசுறேனாம். நானா! நீங்களே சொல்லுங்க… சரி, விடுங்க.

உங்க பையனுக்கு என்ன, 'ர'வா? அது தானா வந்துரும். ஆனா இந்த 'க' இருக்கே, அது குடும்பத்தையே ரெண்டாக்கிரும் தம்பி!

எனக்குச் சுகரு. அதனால பிஸ்கட் டப்பா அலமாரி உச்சியில. மருமக உத்தரவு. பேத்திக்கு மட்டும் சாயங்காலம் தட்டுல ரெண்டு க்ரீம் பிஸ்கட். ஒருநாள் தட்டு காலி, புள்ள வீல்னு கத்துது. மருமக ஓடியாந்து, யாருடி எடுத்ததுன்னா, 'தாத்தா எடுத்துச்சு'ங்குது! மருமக பாத்தா பாருங்க ஒரு பார்வை… 'ஏன் மாமா, கொழந்தை தட்டுலயா'ன்னுட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. 'எடுத்துச்சுன்னாலே அது மனுஷன் இல்லேன்னு தெரிய வேணாமா?'ன்னு கேட்டேன். 'பெத்த அப்பாவையே வந்துச்சு, போச்சுன்னுதானே சொல்றா மாமா'ங்கிறா!

விட்டேனா? சாப்பாடு வேணாம்னுட்டேன். மருமகளோட பேச்சே இல்ல. எம் மகன் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறான், 'ரெண்டு பிஸ்கட்டுதானேப்பா'ங்கிறான். பிஸ்கட்டாடா அது, மானம்டா!

அப்புறந்தான்… சமையக்கட்டு ஜன்னல்ல ஒரு காக்கா வந்து உக்காந்துச்சு. பேத்தி கையை நீட்டி, 'தாத்தா! தாத்தா!'ங்கிறா. எனக்குப் பளிச்சுன்னு பட்டுச்சு. கூப்பிட்டேன் மருமகளை. 'பாத்துக்கம்மா உன் திருடனை!' அவ மூஞ்சி அப்படியே சின்னதாப் போச்சு. 'மன்னிச்சிருங்க மாமா'ன்னு கண்ணு கலங்கிட்டா, பாவம். நானும் பெரிய மனசு பண்ணி சாப்பிட உக்காந்தேன். அதுக்கப்புறமும் பிஸ்கட் அப்பப்பக் காணாமப் போச்சு, ஆனா யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கலையே! ஜன்னலைச் சாத்துறதோட சரி.

வேடிக்கையைக் கேளுங்க. அவ பாஷையிலேயே பேசிப் பாப்போம்னு, காக்காவைக் காட்டி 'அங்க பாரு தாத்தா'ன்னேன். தொடையில பட்டுன்னு ஒரு அடி! 'தாத்தா இல்ல! தாத்தா!'ங்கிறா. அதாண்டி நானும் சொல்றேன், தாத்தா. 'இல்ல! தாஆத்தா!' அழுகையே வந்துருச்சு அவளுக்கு. டீச்சரம்மா என்ன சொல்றாங்கன்னா, அவ காதுல ரெண்டும் தனித்தனியாத்தான் விழுதாம். நாக்குதான் பின்னாடி எந்திரிக்காம, முன்னாடி பல்லுகிட்டயே போய் ஒட்டிக்குதாம்.

என் கதை அதுக்கு நேர்மாறு. மாடி வீட்டுக்காரர் வடக்க இருந்து வந்தவரு, அவர் பாஷையில 'க' மட்டும் நாலு விதமாம்! அவர் பேரை அவர் சொல்லுவாரு, நானும் அச்சு அசலா அப்படியே சொல்லுவேன். இல்லைம்பாரு. நெஞ்சுல கைய வச்சு, மூச்சை ஊதி, ஊதிக் காட்டுவாரு. எனக்கு எல்லாம் ஒரே 'க'தான்! நான் சொன்னா என்ன அர்த்தம் வருதோ, அவர் வீட்டுக்காரம்மா வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிருது. அவரும் எம் பேத்தி மாதிரியே மூஞ்சியை வச்சுக்குவாரு. பாவம், அடிக்க மட்டும் மாட்டாரு…

ஷ்ஷ்! கேட்டுச்சா? உள்ள… 'கா'ன்னு… டீச்சரம்மா குரல் இல்ல தம்பி, அது எங்க வீட்டுக் குரல்! இந்தா மறுபடியும்… காக்கா! சொல்லிட்டா! ஐயோ, எனக்குப் புல்லரிக்குது பாருங்க கையெல்லாம்.

வாடி தங்கம், வா வா! அம்மாவை விட்டுட்டு இங்க வா. எங்க, தாத்தாகிட்ட சொல்லிக் காட்டு. 'காக்கா…' ஆஹா! 'காக்கா இல்ல.' கேட்டீங்களா தம்பி, 'க'ன்னா இதுல்ல 'க'! மணி அடிச்ச மாதிரி… ம்? இன்னும் இருக்கா? சொல்லு, சொல்லு.

'பிஸ்தட்ட… தாத்தா எடுத்துச்சு.'

…

ஏம்மா மருமகளே, அப்படிப் பாக்குற? பிஸ்கட்டே இன்னும் 'பிஸ்தட்'டாத்தானே வருது? அப்ப அந்தத் தாத்தாவும்… டீச்சரம்மா, நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்களேன்… தம்பி, நீங்க எதுக்குச் சிரிக்கிறீங்க? உங்களைத்தான் கூப்பிடுறாங்க, உள்ள போங்க முதல்ல!

அழாதம்மா. நீ ஏம்மா அழற, என் சுகரை நெனச்சா… சரி, சரி, சொல்லிடுறேன். க்ரீமை மட்டுந்தாம்மா நான் நக்குனேன். மிச்சத்தை ஜன்னல்ல வச்சு, காக்காவுக்குத்தாம்மா போட்டேன்!