தொண்ணூற்றிரண்டு கிலோ

இருந்தவர்கள்: பட்டறைக்காரன். அவனுடைய அக்கா. அக்காவின் கணவர், காருக்குச் சொந்தக்காரர். சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு தராசு, அவற்றின் மேல் கார்.

— கையை எடுங்க மாமா. தராசு மேல வண்டி நிக்கும்போது சாயாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?

— லேசாத்தான்டா தொட்டேன் மச்சான்.

— லேசா தொட்டதுல ஒன்பது கிலோ ஏறிடுச்சு. அது போகட்டும், டயர்ல யாரு காத்து அடிச்சது?

— நாந்தான். இருபத்தாறுதான் இருந்துச்சு. கதவுல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல முப்பத்திநாலுன்னு போட்டிருக்கே. நீ மறந்துட்டேன்னு நெனச்சேன்.

— அது கடைக்குப் போயிட்டு வர்றதுக்கு. ரேஸ் டிராக்ல நாலு ரவுண்டு அடிச்சா சூட்டுல தானா முப்பத்திநாலுக்கு வந்துடும். நீங்க அங்கேயே ஆரம்பிச்சா நாப்பதைத் தாண்டும். டயரா அது, பலூன்.

— சரி சரி, கத்தாத. அதாவது, நாளைக்கு டிராக்குக்கு ரெடியாகுமா, ஆகாதா?

— என்ன கோளாறுன்னு சொன்னாத்தானே ஆகும். போன வாரம் வண்டி சுத்திப் போயி சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்னுச்சே, எது நழுவுச்சு? முன்னாடியா, பின்னாடியா?

— அதாவது... ஒரு மாதிரி நழுவுச்சு.

— எந்த மாதிரி?

— நழுவுற மாதிரி.

— என் தலையெழுத்து. அக்கா, இவருகூட எப்படிக் குடும்பம் நடத்துற?

— என்னை ஏன்டா இழுக்குற.

— மூணு தடவை ஸ்பிரிங்கை ஏத்தி இறக்கிட்டேன். இவரை உள்ள உக்கார வெச்சு எடை பாத்தா நாலு மூலைக்கும் எடை அம்சமா பிரிஞ்சிருக்கு. டிராக்குக்குப் போனா வண்டிக்குப் புத்தி மாறிடுது. முன்னாடி இடது டயரைப் பாரு, ஓரம் பிஞ்சு தொங்குது. அடுத்த தடவை சுவருக்கு முன்னாடி நிக்காது, நேரா உள்ளதான் போகும். ஓட்டுற மனுஷனுக்கு ஏதாவது தெரிய வேண்டாமா?

— வலது வளைவுலதான்டா. திருப்பினா மூக்கு உள்ள வராது. சரின்னு ஆக்சிலேட்டரை விட்டா, பின்பக்கம் சட்டுனு வெளிய வந்துடும். இடது வளைவுல ஒண்ணும் பண்ணாது.

— உனக்கு எப்படிக்கா தெரியும்?

— இவரு தூக்கத்துல சொல்வாரு.

— முழிச்சிருக்கும்போது நழுவுற மாதிரி நழுவுச்சுங்கறவரு, தூக்கத்துல இவ்வளவு தெளிவாப் பேசறாராக்கும். மாமா, ஏறி உக்காருங்க.

— இரு, சீட்டைப் பின்னாடி தள்ளிக்கிறேன். முட்டி இடிக்குது.

— ஒவ்வொரு தடவையும் தள்ளுறீங்க. போன வாரம் டிராக்லேர்ந்து லாரி மேல ஏத்தி நேரா இங்கதானே எறக்குனோம்? அப்ப சீட்டை முன்னாடி இழுத்து வெச்சது யாரு?

— அதாவது மச்சான்... முதல் நாளே ரெண்டாவது ரவுண்டுல எனக்கு வாந்தி வந்துடுச்சு. அதுலேர்ந்து இவதான் ஓட்டுறா. ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டா யாருக்குத் தெரியப் போகுது?

— என்கிட்ட ஏன்க்கா சொல்லல?

— சொன்னா நீ ஸ்பேனரையே தொட்டிருக்க மாட்டேடா. உன் பைக்கைப் பள்ளத்துல விட்டேன்னு பதினோரு வருஷமா ஒரு சாவியைக் குடுத்திருக்கியா என் கையில?

— உன் எடை என்ன?

— அம்பத்திமூணு.

— மாமாவோட தொண்ணூத்திரெண்டுக்கு செட் பண்ணிக் குடுத்திருக்கேன். நாலு மாசமா. உன்னைக் கொண்டுபோயி சுவத்துல அடிக்கப் பாத்தது நான்.

— டேய், விடுடா.

— மாமா, எறங்குங்க. வெளிய போங்க.

— ஓரமா நின்னுக்கிறேன்டா.

— உங்க கை சும்மா இருக்காது. போங்க. அக்கா, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டு உக்காரு. அதுவும் எடைதான்.

— டேய் மச்சான்! கதவைச் சாத்துனது சரி, ஏன்டா பூட்டுற? காரு என்னுதுடா!