ஒரு வேளை கூட தவறல

…புது டாக்டராம், புது மருந்தாம்! எட்டு வாரம் ஆச்சும்மா, எட்டு வாரம். ஒரு மண்ணும் கேக்கல. முன்னாடி எப்படி மூச்சு வாங்குச்சோ அப்படியேதான் வாங்குது. நீங்க இப்படி தள்ளி உக்காருங்க, ஃபேன் காத்து இங்கதான் வரும்… ஆங். எங்க வீட்டுக்காரரத்தான் ஊதற டெஸ்டுக்கு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க. "ஊதுங்க, இன்னும், இன்னும்"னு அந்தப் பொண்ணு கத்தறது கேக்குதில்ல? அவர் ஊதிட்டாலும்! ஒரு பலூன கையில கொடுத்தா பலூன்தான் ஜெயிக்கும்.

நாப்பது வருஷம் பஸ்ஸுக்கு பெயிண்ட் அடிச்ச மனுஷன். மூக்குல கட்டிக்கோங்கன்னு தினமும் ஒரு துணி மடிச்சுக் கொடுப்பேன். அதுல கையத் தொடச்சிட்டு வருவாரு! கேட்டா, "கட்டினா மூச்சு முட்டுதுடி"ம்பாரு. இப்ப முட்டலையாக்கும்? அது போதாதுன்னு சிகரெட் வேற. விட்டு பன்னெண்டு வருஷமாச்சுன்னு சத்தியம் பண்றாரு. நான் நம்பணுமாம்! அப்புறம் மருந்து ஏன் வேலை செய்யல, நீங்களே சொல்லுங்க? தினமும் சாயங்காலம் சட்டைய மோந்து பாக்கறேன். சோப்பு வாசனைதான் வருது. சரியான கில்லாடி, எங்க போய்க் குடிச்சிட்டு வராரோ தெரியல.

எனக்கு என்ன பயம்னா… இன்னிக்கு டெஸ்ட்ல இன்னும் குறைஞ்சிருந்தா, மாடி வீடே வேண்டாம்னு சொல்லிடுவாரு டாக்டர். போன தடவையே சொன்னாரு. நாங்க மூணாவது மாடிம்மா, லிஃப்ட் கிடையாது. ரெண்டாவது மாடிக்காரங்க செருப்பு ஸ்டாண்டு மேல உக்காந்து எழுந்துதான் இவர் மேல வராரு. பையன் ரெடியா இருக்கான், "வீட்ட காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடுங்க"ன்னு. நல்ல பையன்தான். மருமகளும் தங்கமானவதான். ஆனா ஒரு கரண்டி எடுக்கணும்னாலும், "எங்க வச்சிருக்கம்மா?"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கணுமே! என் வீட்ட விட்டு நான் வர மாட்டேன்னு சொல்லிட்டேன். சொல்லி என்ன, இவருக்குல்ல மூச்சு இருக்கணும்.

மருந்து விஷயத்துல மட்டும் என்னை யாரும் ஒரு குத்தம் சொல்ல முடியாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பிட்ட பிறகு, வெந்நீரோட. "ஆ காட்டுங்க"ன்னு வாயப் பாத்துட்டுதான் நகருவேன். ஒரு வேளை கூட தவறல! "ஒண்ணும் தெரியலடி, நெஞ்சு அப்படியேதான் இருக்கு"ம்பாரு. "பேசாம முழுங்குங்க"ன்னுடுவேன். அந்த மருந்துக்கடைக்காரர் கூட, "அம்மா, இத எப்படி எடுக்கணும்னா…"ன்னு ஆரம்பிச்சாரு. எனக்கா? ரெண்டு பிள்ளைங்கள வளத்தவ, மாத்திரை கொடுக்கத் தெரியாதான்னு பையப் பிடுங்கிட்டு வந்துட்டேன். இங்க நர்சம்மாவும் ஏதோ சொல்ல வந்தாங்க. நான் இவரோட பெயிண்ட் கதைய சொல்லிட்டு இருந்தேனா… அதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க.

அட, உங்களுக்கும் இதே மாத்திரைதானா! அதே கலரு! இருங்க, என்கிட்ட வெந்நீர் இருக்கு, தரேன்… ஏம்மா, மாத்திரைய ஏன் அந்த பிளாஸ்டிக் சாமானுக்குள்ள போடறீங்க? திருகறீங்க வேற… என்னம்மா இது, பீப்பீ மாதிரி வாயில வச்சு… இழுக்கறீங்க!

முழுங்கறது இல்லையா?

மாத்திரைக்குள்ள பொடி இருக்கா. அது நேரா நெஞ்சுக்குப் போகணுமா… அப்ப முழுங்கினா? …வயித்துக்குத்தான் போகும். சரி. சரி சரி.

இந்தச் சாமான் அந்த டப்பாவோடயே வந்துச்சும்மா. ஏதோ இலவசம்னு நெனச்சேன். எல்லாத்தையும் கொண்டு வாங்கன்னாங்களேன்னு பையில போட்டுட்டு வந்திருக்கேன், பாருங்க, கவர் கூட பிரிக்கல. ஐயோ… என் கையாலதானே கொடுத்தேன்! அந்த மனுஷன் தினம் தினம் சொன்னாரும்மா, ஒண்ணும் தெரியலன்னு. நான் சட்டைய மோந்துட்டு இருந்திருக்கேன்.

சிரிக்காதீங்க. …இல்ல, நீங்க சிரிக்கல, தெரியும். எழுந்திரிக்காதீங்கம்மா, உங்க நம்பர் இன்னும் வரல. மாத்திரை போடாம சும்மா ஒரு தடவ செஞ்சு காட்டுங்க. நான் வாயே திறக்கல. …உள்ள போடணும், திருகணும். மூச்ச முழுசா வெளிய விட்டுட்டு, உதட்ட இறுக்கி வச்சு வேகமா இழுக்கணும். இழுத்தத கொஞ்ச நேரம் அப்படியே பிடிச்சு வச்சுக்கணும். அப்புறம் வாய் கொப்பளிக்கணும். இவ்ளோதானா? அட கடவுளே, இவ்ளோதானா!

அதோ, வந்துட்டாரு. வாங்க, இப்படி உக்காருங்க. பேசாதீங்க, மூச்சு வாங்கி முடியட்டும். …டாக்டர்கிட்ட நானே சொல்லிக்கறேன். என்னன்னா… இல்ல, முதல்ல உங்ககிட்ட சொல்லணும். எட்டு வாரமா உங்களுக்கு மருந்தே போய்ச் சேரலங்க. நான்தான் தப்பா கொடுத்திருக்கேன். …இப்படிப் பாக்காதீங்க. திட்டிடுங்க, வாங்கிக்கறேன். ஆனா அதுக்கும் மூச்சு வேணுமே. டாக்டர் சரின்னதும் இத ஒழுங்கா இழுங்க, அப்புறம் எவ்ளோ வேணும்னாலும் திட்டுங்க.