தம்பி கேட்ட பிரேக்

பிளேன்டிக்கு நன்றி, சேர். சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. நான் குறை சொல்கிற ஆளில்லை. எஹலியகொடையில் பதினாறு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன். இந்தக் கிருஷ்ணராஜ் பாஸ் வேலையில் பிழை என்று ஒரு வாகனம் திரும்பி வந்ததில்லை. சிங்களத்தில் சொன்னால் உங்களுக்கு வாக்குமூலம் எழுதச் சுலபம்தான். ஆனால் இதை நான் தமிழில்தான் சொல்வேன்.

இந்திரகுமார் என் சின்னம்மா வெள்ளையம்மாவின் மகன். எனக்கு நாலு வயதில் அம்மா செத்துப்போனாள். என்னையும் வளர்த்தது சின்னம்மாதான். தோட்டத்தில் ஒரே லயன் அறை, இரண்டு பேருக்கும் ஒரே பாய். அவன் படிக்கட்டும் என்று நான் பள்ளியை விட்டுவிட்டுக் கராஜ் வேலைக்குப் போனேன். அதை யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை.

அவன் படித்தான், கொழும்பில் நல்ல வேலைக்குப் போனான். ஒருநாள் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். இரண்டு கதவு, சக்கரம் இறுகாமல் தடுக்கிற ஏ.பி.எஸ். இல்லாத காலத்து வண்டி. இரண்டு பேர் சேர்ந்தால் பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்திவிடலாம், அவ்வளவு லேசு. எட்டு மாதம் ஞாயிறு பார்க்காமல் அதை ஓட வைத்தேன். பிறகு அவனுக்கு இன்னொரு ஆசை வந்தது. பெரிய ஜீப்பின் பிரேக்கை முன் சக்கரங்களுக்குப் போட வேண்டும். வீலுக்குள் சிவப்பாகத் தெரிந்தால் எடுப்பாக இருக்குமாம்.

வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னேன். அது ஜீப்பின் எடைக்குச் செய்த பிரேக். இதில் போட்டால் ஈர ரோட்டில் மிதித்தவுடன் முன் சக்கரம் உருளாமல் இறுகிவிடும். இறுகிய சக்கரம் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. வளைவில் கார் நேராகப் போகும். அவன் முகம் வாடியது. ஆனாலும், "சரிண்ணே, நீங்க சொன்னா சரி" என்றான்.

பிறகு எம்பிலிப்பிட்டியவில் கார்ப் பிரியர்களின் கூட்டம் ஒன்று. என்னையும் கூட்டிப்போனான். அங்கே அவனுக்குப் பெயர் இந்திக. எனக்கு அது புதுசு. சிங்கள ஆட்களோடு புழங்குகிறவனுக்கு அப்படி ஒரு பெயர் தேவைப்படலாம் என்று விட்டுவிட்டேன். ஒருத்தர் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். தம்பி என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் சிங்களத்தில் சொன்னான்.

"வத்தே கொல்லெக்."

தோட்டத்துப் பையன். கார் கழுவ வைத்திருக்கிறானாம். எனக்கு நாற்பத்தொரு வயது, சேர். அவன் பள்ளிக்கூடக் காற்சட்டைக்குப் பொத்தான் தைத்தவன் நான். அன்றைக்கு எனக்கு வலித்தது போல அம்மா செத்தபோதுகூட வலிக்கவில்லை. ஆனால் சண்டை போடவில்லை. வாளியில் தண்ணீர் எடுத்து அவன் காரைக் கழுவினேன். பக்கத்துக் காரையும் கழுவிக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் நானே போன் எடுத்து, ஆசைப்பட்ட பிரேக்கைப் போட்டுத் தருகிறேன் என்றேன். இரத்தினபுரியில் தேடி ஒரு சோடி வாங்கினேன். அளவெடுத்து வெட்டிப் பொருத்தி, மூன்று தடவை சிவப்புப் பெயின்ட் அடித்தேன். ஒரு நட்டுகூட இளக்கமில்லை, யாரை விட்டும் பாருங்கள். வெயில் காய்ந்த ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். மிதித்த இடத்தில் நின்றது. முதலில் ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று கேட்டான். சும்மா பயந்துவிட்டேன் என்றேன்.

கேட்டதைத்தானே செய்து கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் நல்ல மழை. தோட்டத்துக்கு வந்திருந்த தம்பி கொழும்புக்குத் திரும்புகிறான், போகிற வழியில் சின்னம்மாவை டவுன் கிளினிக்கில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. அவன் குளிக்கப் போன நேரம் நான் சின்னம்மாவிடம் போனேன்.

"நீங்க பஸ்லயே போங்க சின்னம்மா. அந்தக் காரு சீட்டு பள்ளம், இடுப்பு புடிச்சுக்கும்."

"புள்ள கோவிச்சுக்குவானே."

"நான் சொல்லிக்கிறேன்."

குடையை விரித்து நானே கையில் கொடுத்தேன். பஸ் நிற்கிற இடம் தோட்டத்திலிருந்து இறங்குகிற ரோட்டின் கீழ் வளைவில், ரப்பர் காட்டுப் பள்ளத்தின் ஓரத்தில். அது எனக்குத் தெரியும். ஆனால் அவன் காரில் இறங்கி வருவதற்குள் பஸ் வந்து அவளை ஏற்றிப் போயிருக்க வேண்டும். அன்றைக்கு பஸ் பிந்தியது.

கார் வளைவில் திரும்பவில்லை. ஸ்டியரிங்கை வளைவுப் பக்கம் முழுக்க ஒடித்திருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பஸ் தரிப்பிடத்துச் சுவர் தடுத்ததால் அவன் பள்ளத்தில் விழவில்லை. கால் மட்டும் முறிந்தது. சுவருக்கும் காருக்கும் நடுவில் சின்னம்மா நின்றாள்.

ஆமாம், தெரிந்துதான் அந்தப் பிரேக்கைப் பூட்டினேன். அந்த வளைவில் அவன் போய்ச் சேர வேண்டும் என்றுதான் பூட்டினேன். சின்னம்மாவைக் காப்பாற்றத்தான் பார்த்தேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அவன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, சிங்களத்தில் "மகே அய்யா" என்றானாம். என் அண்ணன், அவர் மேல் சந்தேகப்படாதீர்கள் என்றானாம்.

அந்த இரண்டு வார்த்தையை எம்பிலிப்பிட்டியவில் சொல்லியிருந்தால் சின்னம்மா இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். ஏன் சொல்லவில்லை என்று அவனைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும், சேர்.