உங்க ஊர்தான் நல்ல ஊர்

— அதெல்லாம் இருக்கட்டும் அண்ணா. ஆஸ்பத்திரின்னு வந்தா உங்க துறைமுகத்தை அடிச்சுக்க ஊர் கிடையாது. அம்மாவுக்கு முட்டி வலின்னா நாலு வீடு தள்ளி ஒரு டாக்டர், அவர் இல்லேன்னா எதிர்லயே இன்னொருத்தர். எங்க புதுநகர்ல காய்ச்சல் வரப் போகுதுன்னு மூணு நாள் முன்னாடியே தெரிஞ்சு பதிவு பண்ணி வெக்கணும்.

— நியாயமாப் பாத்தா ஆஸ்பத்திரி என்னிக்கோ ஒரு நாள் சமாச்சாரம் பாப்பா. மூச்சு தினமும் விடணுமே. உங்க ஊர் காத்து இருக்கே, அதுவே மருந்து. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம், நடைபாதை, அதுல நடக்கவும் இடம். எங்க ஊர்ல நடைபாதை மேல பைக் நிக்கும், பைக் மேல பூனை படுத்திருக்கும். அம்மா எங்க நடப்பாங்க?

— அதெல்லாம் அந்தக் காலம். உங்க மணிக்கூண்டுத் தெருவுல குழாய்க்குத் தோண்டின பள்ளத்தைக்கூட மூடிட்டாங்க. காலையில அஞ்சு மணிக்கு ஐஸ் லாரி ஹாரன் அடிக்கிறது ஒண்ணுதான் தொந்தரவு. அதுவும் ஒரு வாரத்துல பழகிடும்.

— ரெண்டு பேரும் டீயைக் குடிங்க முதல்ல. ஆறி ஆடை கட்டிடுச்சு.

— இல்லம்மா, பேசி முடிச்சுடலாம். மாசக் கடைசியில இந்த வீடு காலின்னு நீதானே போன்ல சொன்ன. எனக்குக் கண்ணாடிக் கடை, இவளுக்கு ஆபீஸ். ஞாயித்துக்கிழமையை விட்டா ரெண்டு பேரும் சேந்து வர முடியாது.

— சொன்னேன். உங்க ஊருங்க குடியிருக்க எப்படின்னும் கேட்டேன். அதுக்கு ஒருத்தர் ஊரை ஒருத்தர் தூக்கி வெச்சுக் கொண்டாடுறீங்க. மேல சொல்லுங்க, கேப்போம்.

— நான் என்ன சொல்றேன்னா, அம்மாவுக்குப் பேச்சுத் துணை வேணும் அண்ணா. முப்பத்தோரு வருஷம் ஓடுற ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவங்க. ஒரு நாளைக்கு ஆயிரம் மூஞ்சி பாத்தவங்க. எங்க ஊர்ல லிஃப்ட்ல ஏறினவன் நம்பரைப் பாத்துக்கிட்டே நிப்பான். தப்பித் தவறிக்கூட பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சியைப் பாக்க மாட்டான்.

— அது மரியாதை. எங்க ஊர்ல லிஃப்டே கிடையாது. மூணு மாடி ஏறணும். படிக்கட்டுக் கைப்பிடி ரெண்டாவது மாடியோட நின்னு போயிடும். மிச்சத்தை நம்பிக்கையில ஏறணும்.

— போன வருஷம் என் வீட்டுக்கு வந்தப்ப என்ன சொன்ன? ‘இது ஊரா, ஆஸ்பத்திரி வராந்தாவா’ன்னு கேட்டியே.

— நீ மட்டும் என்னவாம்? என் வீட்டு ஜன்னலைத் திறந்துட்டு, ‘இந்த மீன் வாடையில எப்படி அண்ணா புள்ளைங்களை வளக்குற’ன்னு உன் அண்ணி எதிர்லயே மூக்கைப் பொத்திக்கிட்டுக் கேட்ட. இப்ப அதே மீன் மணக்குதா?

— நானும் அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன். ஒம்பது வருஷமா இதே கூடத்துல உக்காந்து என் ஊர்தான் ஊர், என் ஊர்தான் ஊர்னு அடிச்சுக்கிட்டீங்க. உங்க அப்பா ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிப்பார். நான் வரப் போறேன்னதும் ரெண்டு ஊரும் தலைகீழாயிடுச்சா?

— சரிம்மா, எங்களை விடு. நீயே சொல்லு. ரெண்டு ஊருக்கும் நடுவுல போயிட்டு வந்துட்டே இருந்தவ நீ. எது நல்ல ஊர்?

— நான் ஊரை எங்கடா பாத்தேன். ஆளுங்களைத்தான் பாத்தேன். துறைமுகத்துக்காரன் வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து ஏறுவான். டிக்கெட் இருக்கும், ஆனா கசங்கி, வேர்வையில நனைஞ்சு, எந்த வருஷத்து டிக்கெட்னே தெரியாது. புதுநகர்க்காரன் கால் மணி நேரம் முன்னாடியே வந்து வரிசையில நிப்பான். டிக்கெட்டை பிளாஸ்டிக் உறையில போட்டு வெச்சிருப்பான். பக்கத்துல யாராவது மயங்கி விழுந்தா துறைமுகத்துக்காரங்க பத்து பேர் சேந்து தண்ணியைக் கொட்டி, காத்தையும் மறைச்சு, பாதி கொன்னுடுவாங்க. புதுநகர்க்காரன் சங்கிலியை இழுக்கலாமா கூடாதான்னு பலகையில எழுதியிருக்கிறதைப் படிச்சுக்கிட்டு இருப்பான்.

— நியாயமாப் பாத்தா அப்ப ரெண்டுமே—

— நியாயத்தை நான் பாத்துக்கிறேன். இன்னொண்ணும் சொல்றேன், கேளு. நான் பெட்டிக்குள்ள நுழைஞ்சா டிக்கெட் இருக்கிறவன் என்னைத் திரும்பிக்கூட பாக்க மாட்டான். எடுத்துக் காட்டுவான், மறுபடி தூங்கப் போயிடுவான். இல்லாதவன்தான் ஜன்னலுக்கு வெளிய அழகு பாப்பான். ‘ஆத்துல தண்ணி நல்லாப் போகுது மேடம், இந்த வருஷம் மழை பரவாயில்ல’ன்னு என்கிட்டயே பேச்சுக் குடுப்பான். நீங்க ரெண்டு பேரும் வந்ததுல இருந்து ஜன்னலுக்கு வெளியதான் பாத்துக்கிட்டு இருக்கீங்க.

— என்னம்மா, இப்படிச் சொல்லிட்ட.

— நீ மூத்தவன், நீ முதல்ல எடு டிக்கெட்டை. பூனை, கைப்பிடி, காத்து எல்லாத்தையும் விடு. உன் வீட்ல என்னை வெச்சுக்க முடியுமா, முடியாதா?

— முடியாதும்மா.

— மருமக சொன்னாளா?

— அவளைச் சொல்லக் கூடாது. ‘அத்தை வரட்டுமே’ன்னுதான் சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். கடையைப் பூட்டிட்டு நான் நேரா வீட்டுக்குப் போறதில்லம்மா. துறைமுகச் சுவர்ல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கேன். குடிக்கிறதில்ல, யாரையும் பாக்குறதில்ல. சும்மாதான். ஏன்னு கேட்டா எனக்கே தெரியாது. வீட்ல கடையில கூட்டம்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ வந்தா முதல் நாளே கண்டுபிடிச்சுடுவ. நாப்பத்தஞ்சு வயசுல பரிசோதகர்கிட்ட மாட்ட எனக்குத் தெம்பு இல்ல.

— கிழிஞ்சதா இருந்தாலும் டிக்கெட்தான். சரி, அடுத்தது நீ.

— நான் என்ன சொல்றேன்னா—

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கேக்குறதுக்குப் பதில் சொன்னாப் போதும். மணிக்கூண்டுத் தெருவுல பள்ளத்தை மூடிட்டாங்கன்னியே. எப்ப மூடினாங்க?

— ஆபீஸ்ல யாரோ சொன்னாங்க.

— மூடிட்டாங்களா? எனக்கே தெரியாதே பாப்பா. நான் இன்னும் சுத்திக்கிட்டுதான் கடைக்குப் போறேன்.

— நீ சும்மா இருடா. ஐஸ் லாரி காலையில அஞ்சு மணிக்கு ஹாரன் அடிக்கும்னியே. உன் அண்ணன் வீட்ல நீ ஒரு ராத்திரிகூடத் தங்கினதில்ல. ஒரு வாரத்துல பழகிடும்னு யாருக்குப் பழகிச்சு?

— அம்மா, விட்டுடேன்.

— விட மாட்டேன். துறைமுகத்துல ஏழு பத்துக்குக் கிளம்பி புதுநகர் போற வண்டி, நம்ம ஸ்டேஷனுக்கு ஏழரைக்கு வரும். டாக்டர் நடக்கச் சொன்னார்னு நான் தினமும் அந்த நேரத்துக்கு பிளாட்பாரத்துலதான் நடக்குறேன். அஞ்சு மாசமா நீ அந்த வண்டியில அஞ்சாவது பெட்டியில உக்காந்திருக்க. புதுநகர்ல குடியிருந்து புதுநகர்லயே வேலை பாக்குறவ எதுக்குடி துறைமுகத்துல வண்டி ஏறணும்?

— டீயைச் சூடு பண்ணிட்டு வரேன்மா.

— நம்ம ஸ்டேஷன் வந்தாத் தலையைக் குனிஞ்சு பைக்குள்ள எதையோ தேடுவ. வண்டி நகர்ந்ததும் நிமிர்ந்துடுவ. அஞ்சு மாசமா அப்படி என்ன தொலைஞ்சு போச்சு உன் பையில?

— பாப்பா, அம்மா என்ன சொல்றாங்க? நீ எங்க இருக்க இப்ப?

— மணிக்கூண்டுத் தெருவுல. வேலைக்குப் போற பொம்பளைங்க விடுதியில. உன் கடையில இருந்து பத்து நிமிஷ நடை. சுவர்ல நீ உக்காந்திருக்கிறதை ரெண்டு தடவை பாத்தேன். கூப்பிடல.

— என் ஊர்லயா? அஞ்சு மாசமாவா? மாப்பிள்ளை எங்க?

— அவர் புதுநகர்ல, அவர் வீட்ல.

— அடிச்சாரா?

— அடிச்சிருந்தா உனக்குப் புரிய வெக்க சுலபமா இருந்திருக்கும். பேசல. அவ்வளவுதான். தண்ணீர் வாரிய ஆய்வகத்துல ரெண்டு பேரும் ஒரே பிரிவு. என்னை அவருக்கு மேல தலைவியாப் போட்டாங்க. அன்னிக்கு நிறுத்தினார் பேச்சை. முதல்ல ஃப்ரிட்ஜ் கதவுல சீட்டு ஒட்டுவார், ‘கேஸ் சிலிண்டர் தீர்ந்தது’ன்னு. அப்புறம் சீட்டும் நின்னு போச்சு. பதினோரு வாரம் அண்ணா. பக்கத்து வீட்ல கதவைச் சாத்தினாக்கூட நமக்குக் கேக்காத மாதிரி கட்டி வெச்சிருக்கான் அந்த ஊரை. நான் அதைப் பெருமையா வேற சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். ஒரு நாள் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டு என் குரல் எப்படி இருக்குன்னு பாக்குறதுக்காக ‘உப்பு, உப்பு, உப்பு’ன்னு சொல்லிப் பாத்தேன். எனக்கே பயமாப் போச்சு. அன்னிக்கே பெட்டியை எடுத்துட்டேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

— சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? மழுப்பாம சொல்லு.

— வந்து, அவர்கிட்ட பேசி—

— பேசி, சமாதானம் பண்ணி, என்னை அந்த வாசல்ல இறக்கி விட்டுட்டு, கடைசி வண்டியைப் பிடிச்சு உன் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருப்ப. அதனாலதான் உன் ஊருக்கே வந்து உனக்குத் தெரியாம இருந்தேன். மீன் வாடை, ஐஸ் லாரி, மேல் ரூம்காரி தையல் மெஷின். குளியலறை வாசல்ல ‘என் பக்கெட்டை எவ எடுத்தா’ன்னு தினமும் ஒரு சண்டை. வந்த அன்னிக்கே ஒருத்தி என்னைத் திட்டினா. நானும் திருப்பித் திட்டினேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான் தூங்கினேன். நான் இன்னிக்கு உன் ஊரைப் புகழ்ந்ததுல ஒரு வார்த்தைகூடப் பொய் இல்ல அண்ணா.

— நியாயமாப் பாத்தா ஒம்பது வருஷ வாழ்க்கை பாப்பா. ஊர் என்ன சொல்லும்?

— எந்த ஊர்? உன் ஊரா, அவர் ஊரா? ரெண்டும் சேந்தே சொல்லட்டும். நான் திரும்பிப் போக மாட்டேன். வேலையையும் விட மாட்டேன். தினமும் அவருக்கு எதிர் மேஜையில உக்காந்து அவர் எழுதின அறிக்கையை சிவப்புப் பேனாவால திருத்துவேன். கஷ்டமா இருந்தா அவர் வேற வேலை பாத்துக்கட்டும்.

— அம்மா, நீயாவது அவளுக்கு எடுத்துச் சொல்லேன்.

— என்னத்தைச் சொல்ல? அவகிட்ட டிக்கெட் சரியா இருக்கு. நீ தள்ளி உக்காரு.

— உன்கிட்ட மறைச்சதுதான் அம்மா எனக்கு உறுத்தல். அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகல. இதையும் உன் தலையில ஏத்த வேண்டாம்னு...

— ஏழரைக்கு தினமும் என் எதிர்லயே குனிஞ்சுக்கிட்டுப் போனியே, அது மட்டும் என் தலையில ஏறலையா? எனக்கு அவ்வளவு கோவம் வந்துச்சு. ஒரு நாள் வண்டியில ஏறி உன் முன்னாடி வந்து நிக்கலாம்னு படி வரைக்கும் போனேன். அப்புறம் வேண்டாம், நீயா நிமிர்ந்து பாக்கட்டும்னு திரும்பிட்டேன். பெத்தவகிட்டயே ஒளிஞ்சுக்கிற அளவுக்கு நான் என்ன பண்ணினேன்னு அந்த பெஞ்சுல உக்காந்து அழுதும் இருக்கேன்.

— ஒரு நாள் நான் இறங்கியிருந்தா உன்னைக் கட்டிக்கிட்டு அழுதிருப்பேன்மா. அழுதா வேலைக்கு லேட். லேட்டாப் போனா அவர் பாத்து சந்தோஷப்படுவார். அந்த சந்தோஷத்தை நான் அவருக்குக் குடுக்குறதா இல்ல.

— ஆக, இவ வாயைத் திறக்கணும்னுதான் எங்களை வரச் சொன்னியாம்மா?

— அதுக்கும்தான்.

— சரி, நான் பேசினதை எல்லாம் மறந்துடுங்க. விடுதியில அம்மாவைச் சேக்க மாட்டாங்க. அம்மா என் வீட்டுக்கே வரட்டும். சின்னவன் கூடத்துல படுத்துக்குவான். சுவர் விஷயத்தை நானே உன் மருமககிட்ட சொல்லிடுறேன்.

— அவகிட்ட கட்டாயம் சொல்லு. ஆனா பரிசோதகர் பக்கத்துல வந்த பிறகு எடுக்குற டிக்கெட்டை நான் ஒத்துக்கிட்டதே இல்லடா. உன் வீட்டுக்கு வரல.

— பிடிவாதம் பிடிக்காதம்மா. பின்ன எங்க போவ? முப்பது வருஷமா குடியிருக்கிறவங்களை மாசக் கடைசியில வெளிய போன்னு சொல்ல அந்த வீட்டுக்காரருக்கு எப்படி மனசு வந்துச்சு? இரு, நான் இப்பவே போய் அவரை நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.

— உக்காருடா. அவர் எங்க போகச் சொன்னார்? ‘இருங்கம்மா, எதுக்குப் போறீங்க’ன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தார். நான்தான் போன வாரம் ஒரு சாயங்காலம் இவ வண்டியிலயே இவளுக்குத் தெரியாம துறைமுகத்துக்குப் போய், இவ விடுதியைப் பாத்து வெச்சு, அதுக்குப் பின் தெருவுல ரெண்டு ரூம் வீடு பிடிச்சு, வாடகைப் பத்திரத்துல அவ பேரையும் என் பேரையும் சேத்து எழுதிட்டு வந்தேன்.