முப்பத்தோராம் வினாவின் சரியான விடை

சாப்பாட்டைப் பற்றி எனக்கு எந்தக் குறையும் இல்லை. விசாரணைக் குழுவின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சாப்பாட்டில் ஆரம்பிக்கிறானே என்று நினைக்க வேண்டாம். முப்பத்தெட்டு நாள் ஒரே கட்டடத்தில் அடைந்து கிடக்கும் நாங்கள் சோற்றை வைத்துத்தான் கிழமை கண்டுபிடிப்போம். காலையில் சோயா விழுதுக் குழம்பு வந்தால் திங்கள். கானாங்கெளுத்தி வறுவல் வந்தால் வியாழன். ஜன்னல்களில் காகிதம் ஒட்டியிருந்தார்கள், கைப்பேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் தின்று போட்ட எலும்புகூடத் தேர்வு முடியும்வரை வெளியே போகாது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கு வினா எடுப்பவர்கள் இந்த நாட்டில் அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

மொழித்தாளுக்கு நான் தலைவன். என் பெயர் பியோன் சங்-ஹா, இலக்கியப் பேராசிரியர். தோ யுன்-தேக் எங்கள் வினாக்களைச் சரிபார்க்க வந்த பள்ளி ஆசிரியர். மொக்போ ஊர்க்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கெட்டிக்காரர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர்மேல் எனக்குத் தனிப்பட்ட வெறுப்பு எதுவும் கிடையாது.

விதி உங்களுக்குத் தெரியும். பெற்றவரோ பிள்ளையோ இறந்தால் மட்டும் காவலர் துணையோடு சில மணி நேரம் வெளியே போய் வரலாம். போகிறவரிடம் கையெழுத்தாகாத வினா ஏதாவது இருந்தால் அதைத் தூக்கிவிட்டு இருப்பிலிருந்து வேறொன்றைப் போடுவார்கள். இந்த விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன். நல்ல விதிதான்.

முப்பத்தோராம் வினா ஒரு பழைய கவிதையைப் பற்றியது. தீவுக்கு நாடுகடத்தப்பட்ட ஓர் அதிகாரி எழுதியது, ஆறே வரி. தாய் இறந்த சேதி நாற்பது நாள் கழித்து அவனுக்கு வருகிறது. அரசன் அனுப்பிய அரிசியைச் சமைத்து உண்ட கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறான். அதன்பிறகு படகுகளைப் பார்க்கக் கரைக்குப் போவதில்லை. கவிதை சொல்பவனின் மனநிலை என்ன என்பது வினா. ஐந்து விடைகள். இரண்டாவது, விதியையும் அரச ஆணையையும் ஏற்றுக்கொண்ட அமைதி. மூன்றாவது, கோபம்.

சரியான விடை இரண்டு. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதை நான் கட்டுரையாக எழுதினேன். கருத்தரங்கில் வாசித்தபோது என்னைவிட இளையவன் ஒருவன் எழுந்து, "பியோன் சார் கண்ணுக்கு எவன் அழுதாலும் ராஜபக்தியாத்தான் தெரியும்" என்றான். அரங்கமே சிரித்தது. என் ஆசிரியரும் சிரித்தார். அதன்பிறகு அந்தக் கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டவில்லை, என் மாணவர்கள்கூட. அந்தச் சிரிப்பை நான் மறந்துவிட்டதாகச் சொன்னால் பொய்யாகும். ஆனால் கட்டுரையைத்தான் மறுக்க முடியும். தேர்வின் விடைக்குறிப்பை யாராலும் மறுக்க முடியாது. லட்சக்கணக்கான பிள்ளைகள் ஒரே நாளில் அதைக் குறிப்பார்கள். அடுத்த வாரமே எல்லாக் கையேடுகளிலும் அது அச்சாகும். கவிதை எழுதியவனே எழுந்து வந்தாலும் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

தோ மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.

"கிண்ணத்தைக் கவுத்துட்டான்னா என்ன சார் அர்த்தம்? நீ போடற சோறு எனக்கு வேணாம்னு ராஜாகிட்ட சொல்றான். இதுல எங்க சார் அமைதி?"

"நீங்க கிண்ணத்தைப் பாக்கறீங்க. நான் ஆளைப் பாக்கறேன்."

"ஆளுக்குப் பசிக்கும் இல்ல சார்? பசியோட கவுத்து வெச்சிருக்கான். மூணுன்னு குறிக்கற பையனுக்கு மார்க்க வெட்டிட்டு நான் எப்படி வகுப்புக்குப் போவேன்?"

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மரியாதையான சிரிப்புதான்.

அச்சுக்குப் போக மூன்று நாள் இருந்தபோது, செவ்வாய்க்கிழமை முற்பகலில், காவல் அதிகாரி குவோன் என்னை நடைவழிக்குக் கூப்பிட்டார்.

"சார், தோ சாரோட அம்மா காலைல தவறிட்டாங்க. மொக்போலேருந்து அவரோட அக்கா பேசினாங்க. ஒரே மகனாம். வண்டி ரெடியா இருக்கு. நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன். இளகின மனசு அவருக்கு. பக்குவமா சொல்லணும்."

நான் சொல்லவில்லை. அவர் போனால் முப்பத்தோராம் வினாவும் போய்விடும்.

அரை மணி நேரம் கழித்துக் குவோனிடம் போய், "வேலைய முடிச்சிட்டுத்தான் போவேன்னு உறுதியா இருக்கார். அதைப் பத்தி யாரும் அவர்கிட்ட பேசிடாதீங்க, தாங்க மாட்டார்" என்றேன். குவோனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியும் ஒரு மனிதர் இருக்கிறாரா என்றார். வெளியே போக விருப்பமில்லை என்று ஒரு படிவத்தில் கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார். தினமும் மாலையில் இரகசியக் காப்பு உறுதிமொழித் தாள்கள் ஏழெட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுவோம், யாரும் படித்துப் பார்ப்பதில்லை. அன்று தோவுக்குக் கொடுத்த தாள்களில் ஒன்று கூடுதலாக இருந்தது. அவர் பேனாவைத் தேடினார். என்னுடையதைக் கொடுத்தேன்.

எங்கள் வழக்கத்தில் சாவுச் சடங்கு மூன்று நாள். இறந்த நாள் ஒன்று, மூன்றாம் நாள் காலையில் எடுப்பார்கள். அதுவரை வருகிறவர்களின் வணக்கத்தை மகன் நின்று ஏற்க வேண்டும். ஆக, செவ்வாய், புதன், வியாழன் காலை. இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை. இறந்தவர் இறந்துவிட்டார். மகன் போய் நின்றால் அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று அப்போது எனக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ஆராய்ச்சிக்காகத்தான். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சந்தையில நெத்திலிக் கருவாடு விக்கறாங்க சார். வேணாம்னா கேக்க மாட்டாங்க. நான் கெளம்பறப்போ, 'நீ வெளில வர்றதுக்குள்ள நான் ஒண்ணும் செத்துட மாட்டேன், போடா'ன்னாங்க." சிரித்தார்.

"ஒருவேளை அந்தக் கவிதையில வர்றவன் மாதிரி உங்களுக்கு நடந்தா?"

சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். "அமைதியா இருக்க மாட்டேன் சார். என்னைப் போக விடாதவன் யாரோ, அவன் கழுத்தப் புடிப்பேன்."

குரலை, கையை, முகத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊகமாகப் பேசும்போது எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள். உண்மையில் நடந்தால் மனிதர்கள் அடங்கிவிடுவார்கள். என் கட்டுரையின் மையமே அதுதான். அவர் தட்டில் என் பங்குக் கோழித் துண்டையும் எடுத்து வைத்தேன். நன்றி சொல்லிச் சாப்பிட்டார்.

வியாழன் காலை நான் கொஞ்சம் இறங்கி வந்தேன். மூன்றாவது விடையில் 'கோபம்' என்பதை எடுத்துவிட்டு 'கட்டுக்கடங்காத வெறி' என்று மாற்றினேன். வினா எடுப்பவர்களுக்குப் பழகிய வேலை இது. தவறான விடையைக் கொஞ்சம் மிகைப்படுத்திவிட்டால் சரியான விடை தானாகவே சரியாகிவிடும். தோ தாளை வாங்கி இரண்டு முறை படித்தார்.

"வெறின்னா தப்பான விடைன்னு ஒத்துக்கறேன் சார். வெறி இல்ல அது." கையெழுத்துப் போட்டார். ஒன்பது மணி இருக்கும். அந்த நேரத்துக்கு மொக்போவில் எடுத்திருப்பார்கள். மகன் நிற்க வேண்டிய இடத்தில் அக்காவின் கணவர் நின்றதாகப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அன்றே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்த பிறகு சொல்லி என்ன பயன்? இன்னும் பத்தொன்பது நாள் அதே அறையில் அவர் இருந்தாக வேண்டும். அவருடைய வேலை கெடக்கூடாது என்று நினைத்தேன். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் மனம் நோகாமல் பார்த்துக்கொண்டேன். ஒருநாள் அவருக்குச் சளி பிடித்தபோது என் போர்வையைக் கொடுத்தேன். இதையும் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேர்வு முடிந்த மாலையில் எல்லோருக்கும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்கள். தோ வாசலில் நின்று தன்னுடையதைப் பார்த்துக்கொண்டிருந்தார். குவோன் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கள மாதிரி ஒருத்தர நான் பாத்ததே இல்ல சார். அம்மா சாவுக்குக்கூடப் போகாம நாட்டுக்காக உக்காந்தீங்களே" என்றார். தோ திரும்பி என்னைப் பார்த்தார். என்னிடம் நடந்து வந்தார். இடுப்புவரை குனிந்து வணங்கினார். "ரொம்பப் பாடுபட்டீங்க சார்" என்றார், வேலை முடிந்தால் எல்லோரும் சொல்வதைப்போல. பிறகு போய்விட்டார்.

கழுத்தைப் பிடிக்கவில்லை. குரல் உயரவில்லை. ஏற்றுக்கொண்ட அமைதி. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் சொன்னதை அவரே என் கண்முன்னால் நிரூபித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்றிரவு வெகுகாலம் கழித்து நிம்மதியாகத் தூங்கினேன்.

செய்தது நான்தான். சேதியை மறைத்தது, பொய் சொன்னது, படிவத்தை நுழைத்தது மூன்றும் நான்தான். ஒன்றையும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் என்னிடம் படிக்கக் கொடுத்த அவருடைய ஆறு பக்கப் புகாரைப் பற்றி ஓர் இலக்கிய ஆசிரியனாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேலோட்டமாகப் படிப்பவர்களுக்கு அதில் கோபம் இருப்பதாகத் தோன்றும். கடைசி வரியில், 'பியோன் சங்-ஹாவை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்' என்று எழுதியிருக்கிறார். பெயர் என்னுடையதுதான். ஆனால் அங்கே அது குறிப்பது என்னை அல்ல, தாயைப் பறித்துக்கொண்ட விதியை. மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறான விடையைக் குறிப்பார்கள்.