கொடிக்குக் கீழே போட்ட பந்தல்

– மீரா, அந்த மாதுளம்பழத்தை இன்னும் தாழக் கட்டுடி! சம்பந்தி உள்ள நுழைஞ்சதும் கண்ணுல படணும்.

– கட்டறேம்மா, கட்டறேன்! தாஷ்கெண்ட் ரயில் நம்ம புகாராவுக்கு வந்துருச்சாம். அவ்னர் இப்பதான் போன் பண்ணினார்.

– மாப்பிள்ளை பேரைச் சொல்லும்போதே முகத்தைப் பாரு! என்னங்க, உங்க மக இப்பவே பாதி தாஷ்கெண்ட் போயிட்டா. நீங்க என்ன, வாயே தொறக்கல?

– கயிறு கட்டறேன்ல, சுலை. பேசிட்டே கட்டினா முடிச்சு விழாது.

– அம்மா... அம்மா! மேல பாரு!

– என்னடி, பாம்பா?

– கூரைம்மா! அப்பா திராட்சைக் கொடியையே கூரையா விட்டிருக்கார்! வெட்டின தழை ஒண்ணுகூட இல்ல!

– ஐயோ கடவுளே! சுக்கோத் பண்டிகைப் பந்தல்னா வெட்டவெளியில, வெட்டின தழைக் கூரையோட இருக்கணும்; வேரோட நிக்கிற கொடி ஆகாதே! அவ்னரோட அப்பா இதுல ரொம்பக் கறார். நிமிர்ந்து பார்த்தார்னா ஒரு வாய் புலாவுகூடத் தொடமாட்டார். "பண்டிகைக்குப் பந்தல் போடத் தெரியாத வீட்டுல பொண்ணு எடுக்கறதா"ன்னு கிளம்பிடுவார்!

– போட்டது போட்டாச்சு, சுலை. இனிமே என்ன பண்றது? பொழுது சாயப் போகுது.

– என்ன பண்றதாவா? அப்பா, அந்தக் கம்பைப் பிடிங்க! நாலு கம்பு, நாலு திரை. அலேக்காத் தூக்கி முற்றத்து நடுவுல வெச்சுடலாம்!

– மெதுவாடி! என் கல்யாணத்துக்குத் தைச்ச பூத்திரை. கிழிஞ்சுது, கொன்னுடுவேன்!

– இன்னும் கொஞ்சம்... இங்கதான்! வானம் தெரியுது பாரு! அப்பா, அடுப்புக்குன்னு வெட்டிப்போட்ட முசுக்கொட்டைக் கிளையெல்லாம் எடுத்துக் குடுங்க. சீக்கிரம்!

– இந்தா... பிடி.

– ஆச்சு! அம்மா, முன்னைவிட அழகா இருக்குல்ல? ஐயோ, வாசல்ல வண்டி நிக்குது. அவங்கதான்! நான் முகம் கழுவிட்டு வரேன்!

– ஓடு, ஓடு! அந்தப் பட்டுத் துணியைத் தலையில கட்டிக்கோ! அப்பாடா, மானம் தப்பிச்சுது. ஏங்க, எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. கல்யாணமான நாள்லேர்ந்து நம்ம வீட்டுல நீங்கதான் பந்தல் போடறீங்க. தெருவுல எல்லாரும் உங்களைக் கேட்டுட்டுத்தான் கம்பே நடறாங்க. உங்களுக்கா இது தெரியாமப் போச்சு?

– தெரியும், சுலை. அவளை அவ்வளவு தூரம் அனுப்ப எனக்கு மனசு வரல. அந்த மனுஷன் நிமிர்ந்து பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போகட்டும்னுதான் கொடிக்குக் கீழ போட்டேன்.